உலோகத் தண்டைச் சுற்றி மெலியும் எலும்பு: அதை எப்படி அளக்கிறார்கள்?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், ஓராண்டு கழிந்து கைத்தடி இல்லாமல், வலி இல்லாமல் நடக்கிறார். எக்ஸ்ரே படத்தில் செயற்கை மூட்டு வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கிறது. ஆனால் அதே நாளில் எடுத்த, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், தொடை எலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டின் உட்புற மேற்பகுதியை ஒட்டிய எலும்பில் தாது அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்கிறது. இவற்றில் எதுவும் பொய்யில்லை. நன்றாக வேலை செய்யும் மூட்டைச் சுற்றியும் எலும்பு மெலியும். எவ்வளவு மெலிந்தது என்று சொல்லும் எண்ணோ, அளந்த விதத்தைப் பொறுத்துப் பெரிதும் மாறக்கூடியது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த அறிக்கையைப் படித்தால் வீண் பயமோ வீண் நிம்மதியோதான் மிஞ்சும்.

இன்றைய இடுப்பு மாற்று மூட்டின் அடிப்படை வடிவம் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1960-களின் தொடக்கத்தில் நிலைப்படுத்தியது. தொடை எலும்பின் தலையை அறுத்து எடுத்துவிட்டு, எலும்பின் உட்குழாயில் ஓர் உலோகத் தண்டை இறக்கி, அதன் உச்சியில் உள்ள உருண்டை, இடுப்புக் குழியில் பொருத்திய கிண்ணத்துக்குள் சுழலும்படி அமைப்பது அதன் சாரம். சார்ன்லி தண்டை அக்ரிலிக் எலும்பு சிமென்டால் பதித்தார். பின்னால் வந்த சிமென்ட் இல்லாத தண்டுகள், நுண்துளைகள் கொண்ட மேற்பரப்பினுள் எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. ஆனால் எலும்பு எங்கே பிடித்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்து, வேறோர் இடத்தில் அது மெலியவும் தொடங்கியது.

எலும்பு தான் சுமக்கும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்பதை பெர்லினைச் சேர்ந்த அறுவை மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892-இல் ஒரு விதியாக எழுதினார். மாவுக்கட்டுப் போட்ட கையைப் பல வாரம் கழித்துப் பிரித்துப் பார்த்தவர்கள் தசை மெலிந்திருப்பதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். வேலையில்லாத எலும்புக்கு நேர்வதும் அதுவே, வெளியே தெரிவதில்லை என்பதுதான் வேறுபாடு. மாற்று மூட்டுக்கு முன்பு உடலின் எடை தொடை எலும்பின் தலையில் இறங்கி, கழுத்து வழியாக உட்புறத் தடித்த எலும்புச் சுவரில் பாய்ந்தது. இப்போது அது உலோக உருண்டையில் இறங்கி, தண்டு வழியாகக் கீழே போய், தண்டு எலும்பைப் பற்றியிருக்கும் இடத்தில்தான் எலும்புக்குக் கைமாறுகிறது. பற்றிய இடம் தண்டின் கீழ்ப்பகுதி என்றால், மேற்பகுதி எலும்புக்கு வேலையே இல்லை. இதை மருத்துவர்கள் ஸ்ட்ரெஸ் ஷீல்டிங் என்பார்கள். தமிழில் சுமைமறைப்பு என்று சொல்லலாம்.

ஒரு பாரத்தை இருவர் சேர்ந்து தூக்கும்போது, விறைத்து நிற்பவர் தோளில்தான் அதிக எடை இறங்கும். தொடை எலும்பின் கெட்டியான புறச்சுவரின் விறைப்பு ஏறத்தாழ 15 முதல் 20 கிகாபாஸ்கல். டைட்டானியம் உலோகக்கலவைக்கு அது சுமார் 110; கோபால்ட்-குரோமியக் கலவைக்கு 200-க்கும் மேல். உலோகம் எது என்பதை விடவும் தடிமன் கூடுதலாக விளையாடுகிறது. திண்மையான ஒரு தண்டு வளைவதை எதிர்க்கும் திறன் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 12 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதில் 18 மில்லிமீட்டர் தண்டை வைத்தால் விறைப்பு ஒன்றரை மடங்கு அல்ல, ஐந்து மடங்கு கூடுகிறது. உட்குழாய் அகலமாகவும் சுவர் மெல்லியதாகவும் உள்ள எலும்புக்குத்தான் தடித்த தண்டு தேவைப்படுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஏற்கெனவே பலவீனமான எலும்புதான் மிக விறைப்பான தண்டைப் பெற்று, மேலும் வேலையிழக்கிறது.

அளப்பதற்கு முதலில் இடங்களுக்குப் பெயர் வேண்டும். 1979-இல் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் குரூன் தம் கூட்டாளிகளுடன், சிமென்டில் பதித்த தண்டுகள் எங்கெங்கே தளர்கின்றன என்பதை விவரிக்க, முன்புறமிருந்து எடுத்த எக்ஸ்ரே படத்தில் தண்டைச் சுற்றிய எலும்பை ஏழு மண்டலங்களாகப் பிரித்தார். வெளிப்பக்கம் மேலே, தொடை எலும்பின் பெரிய புடைப்பு இருக்கும் இடம் ஒன்றாம் மண்டலம். அங்கிருந்து வெளிச்சுவர் வழியே இறங்கி, தண்டின் நுனிக்குக் கீழே நான்கு. பிறகு உட்சுவர் வழியே மேலேறி, கழுத்தை அறுத்த இடத்துக்கு நேர் கீழே ஏழு. தளர்வை விவரிக்கப் போட்ட இந்தக் கோடுகளையே பிற்காலத்தில் அடர்த்தியை அளந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இத்துறையில் யாரிடம் பேசினாலும் “ஏழாம் மண்டலத்தில் எவ்வளவு?” என்பதே முதல் கேள்வியாக இருக்கும். சுமைமறைப்பின் அடி முதலில் விழுவது அங்கேதான்.

சாதாரண எக்ஸ்ரே இதற்குப் போதாது. எலும்பின் தாது ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும்வரை பயிற்சி பெற்ற கண்ணுக்கும் வேறுபாடு உறுதியாகத் தெரிவதில்லை. எக்ஸ்ரேயின் திறன் சற்றுக் கூடக்குறைய இருந்தாலே எலும்பு வெளுத்தோ கறுத்தோ தோன்றும். 1980-களின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்த டெக்ஸா இந்தச் சிக்கலைத் தாண்டியது. அது இரு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களை ஒரே இடத்தின் வழியே செலுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு தடுக்கப்பட்டது என்று பார்க்கிறது. எலும்பும் மென்திசுவும் இவ்விரு கதிர்களையும் வெவ்வேறு விகிதத்தில் தடுப்பதால், இரண்டு சமன்பாடுகளிலிருந்து இரண்டு அறியாக் கணியங்களைக் கண்டுபிடிக்க முடிகிறது. விடை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் தாது என்று வருகிறது. கதிர்வீச்சும் மிகக் குறைவு. இயற்கையாக நாம் ஓரிரு நாளில் பெறும் அளவை ஒட்டியது.

இங்கேதான் உலோகம் குறுக்கே வருகிறது. சமன்பாடுகள் இரண்டு, பொருள்களோ இப்போது மூன்று. ஆகவே கணக்கு தீராது. அதனால் மாற்று மூட்டுக்கென்று எழுதிய மென்பொருள், உலோகம் விழும் பிக்சல்களை எல்லாம் கண்டுபிடித்து வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் அளக்கிறது. இதன் விளைவைப் பலரும் யோசிப்பதில்லை. தண்டுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் எலும்பும் உலோகத்தின் நிழலோடு சேர்ந்து வெட்டுண்டு போகிறது. அறிக்கையில் வரும் எண், தண்டின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் தெரியும் இரண்டு பட்டைகளைப் பற்றியது மட்டுமே. முன்சுவரில் எலும்பு கரைந்திருந்தால் அதைப் பற்றி இந்த எண்ணுக்கு எதுவும் தெரியாது.

உலோகத்தின் ஓரமும் தொல்லை தருவது. ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை அகலம் உடையது. ஓரத்தில் உள்ள பிக்சல் பாதி உலோகமும் பாதி எலும்புமாக இருக்கும். அதைச் சேர்த்துக்கொண்டால் அடர்த்தி பொய்யாக உயரும். விலக்கினால், தண்டோடு ஒட்டி வளர்ந்த எலும்பு, அதாவது நாம் மிகவும் பார்க்க விரும்பும் எலும்பு, கணக்கில் வராது. சிமென்ட் வைத்த மூட்டில் இன்னொரு குழப்பம் சேர்கிறது. எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்பதற்காகவே சிமென்டில் பேரியம் சல்ஃபேட்டோ சிர்க்கோனியம் டையாக்சைடோ கலக்கப்படுகிறது; கருவி அதை எலும்பு என்றே எண்ணிக்கொள்ளும். ஒருவருக்குப் பதித்த சிமென்ட் காலத்தால் மாறாது என்பதால் அவருடைய முந்தைய, பிந்தைய அளவுகளை ஒப்பிடலாம். ஆனால் சிமென்ட் வைத்தவரின் எண்ணையும் வைக்காதவரின் எண்ணையும் அருகருகே வைத்து யாருடைய எலும்பு வலியது என்று கேட்பதில் பொருளில்லை.

இவை எல்லாவற்றையும் விட நடைமுறையில் பெரிய பிழை, காலைப் படுக்கையில் வைக்கும் விதத்திலிருந்து வருகிறது. தொடை எலும்பு உருண்டையான குழாய் அல்ல. திருப்பித் திருப்பிப் பார்த்தால் அதன் நிழல் மாறிக்கொண்டே இருக்கும். மல்லாந்து படுத்தவரின் பாதத்தை ஒரு தாங்கியில் வைத்துப் பட்டையால் இறுக்கி, முழங்கால் சில்லு நேரே கூரையைப் பார்க்கும்படி காலைச் சற்று உள்பக்கம் திருப்பி நிறுத்துகிறார்கள். புதிதாக அறுவை செய்தவருக்கு இது வலிக்கும். கட்டு தளர்ந்தால் பாதம் தானாக வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். கால் 15 பாகை திரும்பினாலே சில மண்டலங்களில் அளவு பல விழுக்காடு மாறிவிடுகிறது. ஸ்கேன் அறையில் கவனமாக வேலை செய்பவர், எண்ணைப் பார்ப்பதற்கு முன் படத்தில் தொடை எலும்பின் உட்பக்கம் உள்ள சிறிய புடைப்பைப் பார்ப்பார். கால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அந்தப் புடைப்பு பெரிதாகத் துருத்தித் தெரியும். உள்பக்கம் திரும்பியிருந்தால் எலும்பின் பின்னால் மறைந்துகொள்ளும். சென்ற முறை எடுத்த படத்தில் நகக்கண் அளவு தெரிந்த புடைப்பு இந்த முறை காணவே இல்லை என்றால், அந்த இரண்டு எண்களையும் கழித்துப் பார்ப்பதற்கு முன் காலைத் திருத்தி வைத்து இன்னொரு முறை எடுப்பதே முறை. இந்த ஒரு பார்வைக்கு ஆகும் அரை நிமிடத்தை மிச்சப்படுத்துவதால் பின்னால் எத்தனை தவறான முடிவுகள் பிறக்கின்றன என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஒருவரை எழுப்பி நடக்கவிட்டு, மறுபடி படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தால் இரண்டு எண்களும் ஒன்றாக இருக்காது. மாற்று மூட்டைச் சுற்றி இந்த ஏற்றத்தாழ்வு மண்டலத்துக்கு மண்டலம் வேறுபட்டு, பொதுவாக 2 முதல் 4 விழுக்காட்டளவில் இருக்கும்; ஏழாம் மண்டலத்தில் சில நேரம் இன்னும் கூடுதல். இந்தப் பிழையை 2.77-ஆல் பெருக்கினால் வரும் எண்ணைத் தாண்டிய மாற்றத்தை மட்டுமே 95 விழுக்காடு உறுதியோடு உண்மையான மாற்றம் என்று கொள்ளலாம் என்பது அடர்த்தி அளப்பவர்கள் கடைப்பிடிக்கும் விதி. பிழை 3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், எல்லை 8.3. ஒரு மண்டலத்தில் சென்ற ஆண்டு 1.20 கிராமாக இருந்தது இந்த ஆண்டு 1.14 என்று வந்தால், குறைவு 5 விழுக்காடு. அந்த ஒருவரைப் பொறுத்தவரை இது மாற்றம் என்று சொல்ல முடியாது. அதே 1.20, 0.96 ஆகியிருந்தால் குறைவு 20 விழுக்காடு. அது அளவுப் பிழையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நூறு பேரின் சராசரியை ஒப்பிடும் ஆய்வில் 5 விழுக்காடு வேறுபாடும் பொருளுள்ளதுதான். ஆய்வுக் கட்டுரையில் படித்த எண்ணைத் தனி ஒருவரின் அறிக்கைக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. ஹோலாஜிக், லூனார் போன்ற வெவ்வேறு கருவிகள் எலும்பின் ஓரத்தை வெவ்வேறு விதமாகக் கண்டுபிடிப்பதால், ஒன்றில் எடுத்ததை மற்றொன்றில் எடுத்ததோடு ஒப்பிடவும் கூடாது.

எதோடு ஒப்பிடுவது என்பது அடுத்த கேள்வி. அறுவைக்கு முந்தைய ஸ்கேன் உதவாது. ஏனென்றால் அறுவையின்போதே அரத்தால் உட்குழாயை அராவிப் பஞ்சு போன்ற உள்ளெலும்பைக் கணிசமாக எடுத்துவிடுகிறார்கள், சில இடங்களில் அதையே அழுத்திக் கெட்டியாக்கியும் விடுகிறார்கள். அறுவை முடிந்த முதல் ஓரிரு வாரங்களுக்குள் எடுத்த ஸ்கேன்தான் தொடக்கப் புள்ளி. அதை எடுக்காமல் விட்டு, மூன்று மாதம் கழித்துத் தொடங்கினால், இழப்பின் பெரும்பகுதி அதற்குள் நடந்து முடிந்திருக்கும். பிறகு வரும் எண்கள் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். மறுபக்கத்து நலமான காலோடு ஒப்பிட்டு இழப்பைக் கணக்கிட்ட ஆய்வுகளும் உண்டு. அறுவைக்கு முன்பே நோயுற்ற கால் வலியால் பல ஆண்டு பயன்படாமல் மெலிந்திருக்கக்கூடும் என்பதால், அப்பழியையும் தண்டின் மேல் சுமத்தும் அவற்றை நான் எச்சரிக்கையோடுதான் படிப்பேன்.

தொடக்கம் சரியாக அமைந்த ஆய்வுகளில் ஒரு பொதுவான போக்கு தெரிகிறது. முதல் மூன்று மாதத்தில் ஏறத்தாழ எல்லா மண்டலங்களிலும் அடர்த்தி இறங்குகிறது. அறுவையால் எலும்புக்கு ஏற்பட்ட காயமும், காலை முழுதாக ஊன்றாமல் நடப்பதும் இதற்குக் காரணம். பிறகு கீழ் மண்டலங்கள் மீள்கின்றன, சில நேரம் தொடக்கத்தையும் தாண்டித் தடிக்கின்றன. மேல் மண்டலங்கள், குறிப்பாக ஏழு, முழுதாக மீள்வதில்லை. ஓரிரு ஆண்டுக்குள் எலும்பு புதிய பாரப் பகிர்வுக்கு இசைந்து ஒரு நிலைக்கு வந்துவிடுகிறது. அதன் பின் நிகழும் மாற்றம் மெல்லியது, வயதால் நேரும் இழப்பிலிருந்து எளிதில் பிரித்தறிய முடியாதது. ஓராண்டில் 20 விழுக்காடு இழந்தவர் ஐந்தாண்டில் 100 விழுக்காடு இழப்பார் என்று கணக்குப் போடுவது எலும்பின் இயல்பை அறியாததால் வருவது.

அப்படியானால் தண்டையே எலும்பைப் போல நெகிழ்வாகச் செய்துவிட்டால் என்ன? 1970-களில் சுவிட்சர்லாந்தின் ராபர்ட் மாத்திஸ் அதைத்தான் முயன்றார். மெல்லிய எஃகு நடுத்தண்டின் மேல் பாலிஅசிட்டால் என்னும் பிளாஸ்டிக்கைப் பொதிந்து, எலும்போடு சேர்ந்து வளையும் மூட்டைச் செய்தார். எண்ணம் அழகானது. ஆனால் வளையும் தண்டு எலும்புச் சுவரின் மேல் உராய்ந்து நகர்ந்தது. தண்டுக்கும் எலும்புக்கும் இடையே ஒவ்வோர் அடியிலும் 150 மைக்ரான் அளவு அசைவு இருந்தாலே, அங்கே எலும்பு வளராமல் நார்த்திசுதான் வளரும். அந்தத் தண்டுகள் தளர்ந்தன. அதிக விறைப்பால் எலும்பு மெலிகிறது, குறைந்த விறைப்பால் பிடிமானம் போகிறது. இன்று புழக்கத்தில் உள்ள கூம்பு வடிவ டைட்டானியத் தண்டுகள், மேற்பகுதியில் மட்டும் நுண்துளைப் பூச்சு கொண்டவை, குட்டைத் தண்டுகள் எல்லாம் இவ்விரண்டுக்கும் நடுவே இடம் தேடியவை. தொடைத் தலையை அறுக்காமல் அதன் மேல் உலோகத் தொப்பி போடும் முறையில், பாரம் பழையபடியே கழுத்து வழியாக இறங்குவதால், அங்கே எலும்பின் அடர்த்தி பெரும்பாலும் காக்கப்படுகிறது. அம்முறை பின்வாங்கியதற்கு அடர்த்தி காரணமல்ல. உலோகத்தோடு உலோகம் உராய்ந்து விளைந்த துகள்களும் அயனிகளும்தான்.

துகள் என்றதும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். சுமைமறைப்பால் எலும்பு மெலிவது வேறு. கிண்ணத்தின் பாலிஎதிலீன் தேய்ந்து, அந்தத் துகள்களை விழுங்கிய செல்கள் தூண்டும் அழற்சியால் எலும்பு குழிகுழியாக அரிக்கப்படுவது வேறு. முதலாவது பரவலாக நடந்து, பின் நின்றுவிடும். இரண்டாவது ஓரிடத்தில் தொடங்கி, தேய்மானம் இருக்கும்வரை வளரும். மூட்டைத் தளர்த்துவதும் பெரும்பாலும் அதுவே. ஒரு மண்டலம் முழுவதற்கும் சராசரி எடுக்கும் டெக்ஸா, அதற்குள் இருக்கும் சிறு குழியைத் தவறவிடக்கூடும். கிண்ணத்தின் பின்னால் இருக்கும் எலும்புக்கோ டெக்ஸா இன்னும் பொருந்தாது. 1976-இல் டிலீயும் சார்ன்லியும் அங்கே மூன்று மண்டலங்கள் வகுத்தார்கள் என்றாலும், வளைந்த இடுப்பெலும்பை ஒரே தளத்தில் தட்டையாக்கிப் பார்ப்பதில் அதிகம் தெரிவதில்லை. அங்கே சிடி ஸ்கேன்தான் முப்பரிமாணத்தில் உதவும். அதிலும் உலோகத்தைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாகக் கீற்றுகள் விழுந்து எலும்பை மறைக்கும். அவற்றைக் குறைக்கும் கணிப்பு முறைகள் முன்னேறிவிட்டன, எனினும் கதிர்வீச்சு டெக்ஸாவை விடப் பல மடங்கு கூடுதல். மூட்டு நகர்கிறதா என்பதற்கு அடர்த்தி விடை சொல்லாது. அதற்கு, எலும்பில் சிறு டாண்டலம் மணிகளைப் பதித்து இரு கோணங்களில் ஒரே நேரத்தில் எக்ஸ்ரே எடுக்கும் முறை இருக்கிறது; சுவீடனின் லுண்ட் நகரில் யோரான் செல்விக் 1970-களில் உருவாக்கியது. மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு நகர்வையும் அது காட்டும்.

எலும்பு கரைவதைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற பிஸ்பாஸ்போனேட் மருந்துகளை அறுவையை ஒட்டிக் கொடுத்தால் மூட்டைச் சுற்றிய இழப்பு குறைகிறது என்பது பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. டெனோசுமாப் ஊசியும் அப்படியே. ஆனால் டெனோசுமாப்பை நிறுத்தினால் காத்த எலும்பு விரைவாகவே கரையத் தொடங்குகிறது. பிஸ்பாஸ்போனேட்டை நெடுங்காலம் எடுப்பவர்களில் அரிதாகத் தொடை எலும்பின் நீண்ட நடுப்பகுதி தானாக முறிகிறது. மருந்தைச் சோதிப்பவர்கள் அளப்பது பெரும்பாலும் அடர்த்தியைத்தான். மூட்டை வைத்துக்கொண்டவருக்கு வேண்டியதோ எலும்பு முறியாமல், மறு அறுவை நேராமல் இருப்பது. முதலாவது நன்றாக இருந்தால் இரண்டாவதும் நன்றாக இருக்கும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எலும்பு நைவு (ஆஸ்டியோபொரோசிஸ்) இருப்பதாக ஏற்கெனவே கண்டறியப்பட்டவருக்கு மருந்து கொடுப்பதற்கான காரணம் அவருடைய முழு உடலின் எலும்பு; மூட்டைச் சுற்றிய எண் அல்ல.

இதே காரணத்தால், அறிக்கை வாங்கியவர்கள் தவறாமல் கேட்கும் “டி ஸ்கோர் எவ்வளவு?” என்ற கேள்விக்கு இங்கே விடை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த மைனஸ் 2.5 என்னும் எல்லை, உலோகம் இல்லாத எலும்புக்கும் இளவயதினரின் சராசரிக்கும் இடையே உள்ள ஒப்பீடு. தண்டைச் சுற்றிய மண்டலங்களுக்கு அப்படி ஒரு சராசரி கிடையாது. மாற்று மூட்டு உள்ள இடுப்பை விட்டுவிட்டு, மறுபக்க இடுப்பையும் முதுகெலும்பையும் அளந்துதான் எலும்பு நைவைக் கணிக்க வேண்டும். இரு இடுப்பும் மாற்றப்பட்டிருந்தால் முன்கை எலும்பு இருக்கிறது.

அந்த மறுபக்க இடுப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சார்லஸ் எங் குழுவினர், நுண்துளைப் பூச்சுள்ள கோபால்ட்-குரோமியத் தண்டோடு பல ஆண்டு வாழ்ந்து இறந்தவர்களின் தொடை எலும்புகளைப் பெற்று, தண்டுள்ள எலும்பையும் அதே உடலின் தண்டில்லாத எலும்பையும் அருகருகே அளந்து, அம்முடிவுகளை 1992-இல் வெளியிட்டார்கள். ஒரே வகைத் தண்டு, ஆனால் இழப்பு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது. மறுபக்க எலும்பில் தாது எவ்வளவு குறைவாக இருந்ததோ, அந்த அளவுக்குத் தண்டுள்ள பக்கத்தில் இழப்பின் விழுக்காடு கூடுதலாக இருந்தது. யாருக்கு எலும்பு அதிகம் மெலியும் என்பதற்கான தடயம், எந்த உலோகமும் குறுக்கிடாத, சில நிமிடத்தில் எடுத்துவிடக்கூடிய சாதாரண இடுப்பு ஸ்கேனிலேயே ஓரளவு கிடைக்கிறது. அதை அறுவைக்கு நாள் குறித்த வாரத்திலேயே எடுத்துவிட முடியும்.